அக்கா காப்பாற்ற நினைத்த இம்பாலா

அக்காவை அடக்கம் செய்த இடத்தில் இந்த மழைக்காலத்தில் புல் முளைத்துவிட்டது. கல்லில் பெயரும் வசனமும் பொறித்தாயிற்று. ஓராண்டு நினைவு ஆராதனைக்கு வருகிறவர்கள் கையில் ஒரு சிறிய நினைவு மலர்ப் புத்தகமாவது கொடுக்க வேண்டும் என்று அக்காவின் மகன் ஜெபா விரும்பினான். "சித்தி, நீங்கதான் எழுதணும். எனக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத எங்க வருது?" என்றான். பூனாவில் பிறந்த நம் பிள்ளைகள் பலருக்கும் அதுதான் நிலைமை. ஆகவே வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள், தெரியாத பிள்ளைகளுக்கு இதை ஒருமுறை உரக்க வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஊரிலிருந்து வருகிற உறவினர்களுக்கு அக்கா என்றால் 'பெரிய கார் வச்சிருந்த பூனா அக்கா'. சிலர் அதை அன்போடு சொல்வார்கள், சிலர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அக்காவின் பக்தியைப் பற்றியும் விருந்தோம்பலைப் பற்றியும் மற்றவர்கள் இந்த மலரில் எழுதியிருக்கிறார்கள். நான் அந்தக் காரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அதை விட்டுவிட்டு அக்காவின் வாழ்க்கையைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அக்கா பாளையங்கோட்டையில் பிறந்தார்கள். கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பாவுக்குப் பூனாவின் கிர்கியில் ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை கிடைத்து, குடும்பம் ரயிலேறி இங்கே வந்துவிட்டது. அடுத்தவளான நான் பிறந்தது கிர்கியில். அம்மா கன்டோன்மென்ட் பள்ளியில் ஆசிரியை. வீட்டுக்குள் திருநெல்வேலி, வாசலைத் தாண்டினால் இந்தியும் மராத்தியும் என்றுதான் நாங்கள் வளர்ந்தோம்.

எங்கள் ஆலயத்துக்கு அந்த நாட்களில் ஒரு டாக்டர் குடும்பம் வரும். அவர்கள் வரும் வண்டி அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த இம்பாலா. ஆலய மதிலுக்கு வெளியே ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் அது நிற்கும். பின்னால் பக்கத்துக்கு மூன்றாக வட்டமான சிவப்பு விளக்குகள். மற்றப் பிள்ளைகள் அதன் நீளத்தைக் காலடியால் அளப்பார்கள். அக்காவுக்கு அதன் நிறம்தான் ஆச்சரியம். ஜெபம் நடக்கும்போதே என் காதருகே குனிந்து, "ஏட்டி, அது பச்சையா நீலமா? வெயில்ல ஒண்ணு, நெழல்ல ஒண்ணால்லா தெரியுது" என்று கேட்பார்கள். அம்மா தொடையில் கிள்ளுவார்கள்.

அக்கா வேதியியல் பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தபோது அப்பா மாரடைப்பில் போய்விட்டார்கள். மேலே படிக்க வேண்டும் என்ற ஆசையை அக்கா அன்றே மூட்டை கட்டி வைத்துவிட்டு, சிஞ்ச்வட்டில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பெயின்ட் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அந்தப் பிரிவில் அக்கா ஒருவர்தான் பெண். காலையில் லோக்கல் ரயிலில் போய், இருட்டும் நேரத்தில் தின்னர் வாசனையோடு திரும்புவார்கள். நான் படித்து வங்கியில் சேரும்வரை எங்கள் வீட்டு அடுப்பு அக்காவின் சம்பளத்தில்தான் எரிந்தது. அதனால் அக்காவின் திருமணம் தள்ளிப்போயிற்று. அத்தான் கணக்கு வாத்தியார். அதிகம் பேசாத, எதற்கும் பதறாத மனிதர். ஜெபா ஒரே பிள்ளை.

ஜெபா பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்த காலம். ஒரு சனிக்கிழமை நான் அக்கா வீட்டில் இருந்தேன். ஆலயத்து நண்பர் ஒருவர் போன் செய்தார். டாக்டர் குடும்பம் வெளிநாட்டுக்குப் போய் வெகு காலம் ஆகியிருந்தது. பூட்டிக் கிடந்த பங்களாவை ஒரு பில்டர் வாங்கிவிட்டார், இடிக்கப் போகிறார்கள், பின்பக்கம் அந்தப் பழைய காரைப் பழைய இரும்புக்காரர்கள் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். அக்கா அடுப்பை அணைத்தார்கள். என்னை ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள்.

நாங்கள் போனபோது இரண்டு பம்பர்களையும் கழற்றிக் கைவண்டியில் ஏற்றியிருந்தார்கள். காஸ் கட்டரோடு ஓர் ஆள் முன் சக்கரத்துப் பக்கம் உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்தக் காரை அடையாளமே தெரியவில்லை. யாரோ அதற்குக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள், அதுவும் உரிந்து கிடந்தது. அக்கா நேராகப் போய் டிக்கியைத் தூக்கினார்கள். மூடியின் உட்புறத்தில் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். தூசிக்குக் கீழே அந்தப் பழைய நிறம் அப்படியே இருந்தது.

"பாத்தியாட்டி? உள்ள யாரும் தொடல. இது பச்சதான்."

பழைய இரும்புக்காரர் இந்தியில், "மேடம், இது ஓடாது. இரும்புதான் கொஞ்சம் தேறும், அதுக்காகத்தான் எடுக்குறேன்" என்றார்.

"முதல்ல அந்த நெருப்ப அணைக்கச் சொல்லுங்க. அப்புறம் பேசலாம்" என்றார்கள் அக்கா.

அவர் கேட்டதைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு, பம்பர்களையும் கைவண்டியிலிருந்து இறக்கச் சொன்னார்கள். இழுவை வண்டியில் கட்டி அது வீட்டு வாசலுக்கு வந்தபோது தெருவே கூடிவிட்டது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்கள். "சவத்த விடுட்டி. பெத்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கு, இது வேறயா ஒனக்கு?" அத்தான் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எல்லாஞ் சரி. இத எங்க நிறுத்துவ?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு அக்காவின் வாழ்நாள் முழுக்கச் சரியான பதில் கிடைக்கவில்லை.

அப்போதைக்கு ஏரவாடாவில் ஆற்றோரமாக ஒரு மரக்கடைக்காரரின் தகரக் கொட்டகை வாடகைக்குக் கிடைத்தது. பக்கத்துத் தெருவில் பழைய என்ஜின் வேலை தெரிந்த ஷிண்டே மிஸ்திரி இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அக்கா வீட்டுக்கு வந்து, குழம்பைக் கூட்டி வைத்துவிட்டு, பழைய சுடிதார் மாற்றிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விடுவார்கள். ஆண்டுக்கணக்காக அப்படித்தான் நடந்தது. என்ஜினை மிஸ்திரி பார்த்துக்கொண்டார். வண்டியின் உடம்பை அக்கா யாரையும் தொடவிடவில்லை.

கறுப்புக்குக் கீழே வெள்ளை, வெள்ளைக்குக் கீழே பழைய பச்சை. மேலே உள்ள இரண்டையும் எடுக்க வேண்டும், கீழே உள்ளது உரிந்துவிடக் கூடாது. தண்ணீர் ஊற்றி, நுண்ணிய வாட்டர் பேப்பரால், உள்ளங்கை அகலம் உள்ளங்கை அகலமாகத் தேய்ப்பார்கள். ஒரு கதவுக்கே ஒரு மழைக்காலம் ஆயிற்று. நான் ஒருநாள் பொறுக்க முடியாமல், "மொத்தமாச் சுரண்டிட்டுப் புதுசா அதே கலர் அடிச்சா என்னக்கா? யாருக்குத் தெரியப் போகுது?" என்று கேட்டேன்.

அக்கா தேய்ப்பதை நிறுத்தினார்கள். "புதுசா அடிக்கிறது எனக்கு ஒரு வார வேல. ஆனா அது நான் அடிச்ச பெயின்ட். இது அந்தக் காலத்துல அமெரிக்காவுல ஒருத்தன் நின்னு அடிச்சது. அவன் கை எங்க தடுமாறிச்சுன்னுகூடத் தெரியுது, பாரு, இந்தக் கதவுக்கு அடியில ஒழுகியிருக்கு. இத அழிச்சுட்டா அப்புறம் எதக் காப்பாத்துனேன்னு சொல்ல?"

பூனாவில் பழைய கார் வைத்திருப்போர் கூடும் இடங்களுக்கு அக்கா போவார்கள். அங்கே பெரும்பாலும் பணக்காரர்கள்தான். அமெரிக்க வண்டிகளுக்குப் புது டீசல் என்ஜின் போட்டு, ரத்தச் சிவப்பில் பளபளவென்று பெயின்ட் அடித்து, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுவார்கள். அக்கா அவர்களோடு சண்டை போடுவதில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து அத்தானிடம் புலம்புவார்கள். "மேல் தோல் மட்டும் இருக்கு, உள்ள ஒண்ணுகூட அதோடது இல்ல. அத ஓட்டிக்கிட்டு வந்து இது அம்பத்தாறு மாடல்னு சொல்லுதான்." அத்தான் விடைத்தாள் திருத்திக்கொண்டே, "உம்" என்பார்.

வண்டி ஓடத் தொடங்கிய பிறகு எங்கள் குடும்பத்துக்குச் சில நல்ல ஆண்டுகள் கிடைத்தன. முன் சீட்டு சோபா மாதிரி ஒரே நீளம். கதவைச் சாத்தினால் டமால் என்று கேட்காது, கனமாக ஒரு 'டப்' மட்டும் கேட்கும். என்ஜின் அதிகச் சத்தம் போடாமல் மெதுவாக உறுமும். அம்மாவை அதில் ஏற்றி, கேம்ப் கடைத்தெருவில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார்கள் அக்கா. சவத்த விடு என்று சொன்ன அதே அம்மா, கண்ணாடியை இறக்கிவிட்டுத் தெரிந்தவர் யாராவது கண்ணில் படுகிறார்களா என்று பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

அந்த வண்டிக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். அக்கா ஓட்டும்போது அத்தான் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பார். ஒருமுறை சிக்னலில் போலீஸ்காரர் வந்து அத்தான் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டி லைசென்ஸ் கேட்டார். அத்தான் நிதானமாக, "எனக்கு லைசென்ஸே கிடையாது சார்" என்றார். போலீஸ்காரர் அபராதப் புத்தகத்தைத் திறந்துவிட்டார். அதன் பிறகுதான் அத்தான், "வண்டி ஓட்டுறவங்க அந்தப் பக்கம் இருக்காங்க. நான் சும்மா பாசஞ்சர்" என்று கையைக் காட்டினார். போலீஸ்காரர் குனிந்து அக்காவையும் ஸ்டியரிங்கையும் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே போகச் சொன்னார். அத்தான் வேறு கதை சொல்லி நான் கேட்டதில்லை. இதை மட்டும் எல்லா வீட்டு விசேஷங்களிலும் சொல்வார்.

முதலில் அம்மா போனார்கள். பிறகு, ஓய்வு பெற்ற மறு ஆண்டே, அத்தான் குளியலறையில் விழுந்து நினைவு திரும்பாமலே போனார். அதன் பிறகு அக்கா வண்டியை அதிகம் வெளியே எடுக்கவில்லை. வலப்பக்கச் சீட்டைப் பார்க்க முடியவில்லை என்றார்கள். ஆனாலும் வாரந்தோறும் போய் என்ஜினைக் கிளப்பி, துடைத்து, மூடிவிட்டு வருவார்கள்.

பிறகு ஓர் ஆண்டு மழை நிற்காமல் பெய்தது. அணை நிரம்பித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். ஏரவாடாவில் ஆற்றோர வீடுகளுக்குள் தண்ணீர் ஏறிற்று என்று செய்தியில் பார்த்ததும் அக்கா புறப்பட்டுவிட்டார்கள். போலீஸ்காரர்கள் பாலத்திலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாலத்தின் மேலிருந்து பார்த்தால் கொட்டகையின் தகரக் கூரை மட்டும் தெரிந்ததாம். அங்குள்ள ஏழை ஜனங்கள் கட்டிலையும் கேஸ் சிலிண்டரையும் தலையில் சுமந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அக்கா எனக்குப் போன் செய்து, "அவங்களுக்கு வீடே போச்சு. நான் என்னன்னு வாயத் தொறக்க?" என்றார்கள்.

தண்ணீர் வடிந்ததும் ஜெபாவும் நானும் அக்காவோடு போனோம். கொட்டகைக்குள் முழங்கால் அளவுக்குச் சேறு. மிஸ்திரி எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார். அக்கா வண்டியின் கதவைத் திறந்ததும் உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் அவர்கள் காலில் கொட்டிற்று. சீட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் வாளியும், யார் வீட்டிலிருந்தோ மிதந்து வந்த ஒரு குழந்தைச் செருப்பும் கிடந்தன. மிஸ்திரி என்ஜின் ஆயிலைத் திறந்துவிட்டார். பால் கலந்த டீ மாதிரி வெளுப்பாக ஒழுகியது.

அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "தாயி, சோடுன் த்யா" என்றார். அக்கா, விட்டுவிடுங்கள் என்று மராத்தியில். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

அக்கா விடவில்லை. சீட்டுகளை வெயிலில் காய வைத்தார்கள், என்ஜினைக் கழற்றிக் கழுவச் சொன்னார்கள், சேற்றைத் துணியால் ஒற்றி எடுத்தார்கள். வெளியே பச்சை நிறம் மறுபடி தெரிந்தபோது எனக்குக்கூட நம்பிக்கை வந்தது. நம்பிக்கை வராதது அக்கா ஒருவருக்குத்தான். வண்டியின் அடிச்சட்டம் உள்ளே குழாய் மாதிரி வெற்றிடம். அதற்குள் சேறு போய் அடைத்துவிட்டது. "உள்ளுக்குள்ள அரிக்கும். வெளிய ஒண்ணும் தெரியாது. நாப்பது வருஷம் இதத்தானட்டி டெஸ்ட் பண்ணிக்கிட்டு இருந்தேன், எனக்குத் தெரியாதா?" என்றார்கள். தெரிந்துகொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ச் சேற்றைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஆண்டு அக்காவின் கால்கள் வீங்கின. இரண்டு சிறுநீரகங்களும் பழுது என்றார்கள். டயாலிசிஸ் தொடங்கிற்று. பெயின்ட் ஆய்வுக்கூடத்தில் அத்தனை வருடம் சுவாசித்ததனாலா என்று ஜெபா டாக்டரிடம் கேட்டான். அப்படித் திட்டமாகச் சொல்ல முடியாது என்றுவிட்டார். அக்காவுக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. "அந்த வேலதான் நமக்குச் சோறு போட்டுச்சு" என்றார்கள்.

அதே சமயத்தில் ஆற்றோரத்தைச் சீரமைக்கிறார்கள் என்று மரக்கடைக்காரர் கொட்டகையைக் காலி செய்யச் சொன்னார். அவருக்கே போக்கிடம் இல்லை, அவரைக் குறை சொல்வதற்கில்லை. வேறு வழியின்றி வண்டியை இழுத்து வந்து சிஞ்ச்வட்டில் அக்காவும் ஜெபாவும் அவன் மனைவியும் இருந்த அடுக்குமாடி சொசைட்டியின் உள்ளே நிறுத்தினோம். அது இரண்டு பேருடைய பார்க்கிங்கை அடைத்துக்கொண்டது. ஒரு வாரத்தில் கூட்டம் கூட்டினார்கள்.

செக்ரட்டரி நல்ல மனிதர். கொரோனா ஊரடங்கில் எல்லா வீட்டு வாசலிலும் பால் பாக்கெட் கொண்டுவந்து வைத்தவர். அவர் தயங்கித் தயங்கித்தான் பேசினார். காயலான் சாமானுக்கு இங்கே பங்கார் என்று பெயர். "ஆன்ட்டி, தப்பா நினைக்காதீங்க. பங்கார் போட்டு வைக்க நம்ம சொசைட்டில இடம் இல்ல."

"அது பங்கார் இல்ல. வண்டி" என்றார்கள் அக்கா.

"ஓடுமா, ஆன்ட்டி?"

அக்கா வண்டி நின்ற பக்கம் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஓடாததை நான் என்னன்னு சொல்றது, நீங்களே சொல்லுங்க" என்றார்.

சொசைட்டியின் மதிலுக்கு வெளியே, தெருவில், வண்டி நின்றது. மேலே ஒரு நீலத் தார்ப்பாய். அக்கா சும்மா இருக்கவில்லை. பழைய வண்டிகளைத் தனியாகப் பதிவு செய்து காப்பாற்ற வழியுண்டு என்று கேள்விப்பட்டு விசாரித்தார்கள். பார்க்க வருகிற அதிகாரிகளிடம் காட்டும் நிலையில் வண்டி இருக்க வேண்டுமாம். வேறு ஊரில் பழைய கார்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் ஓர் இடத்தில் கேட்டார்கள். எங்களிடம் இதே மாடல் இதைவிட நல்ல நிலையில் இருக்கிறது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். கார் நண்பர்கள் சிலர் வந்தார்கள். ஒருவருக்குப் பின் விளக்குகள் வேண்டும், ஒருவருக்கு முன் கண்ணாடி வேண்டும். முழுவதையும் கேட்டு யாரும் வரவில்லை.

ஜெபா சாகணில் பேட்டரி கார் செய்யும் தொழிற்சாலையில் என்ஜினியர். டயாலிசிஸ் நாட்களுக்குத் தோதாக ஷிஃப்டை மாற்றிக்கொண்டு அம்மாவைத் தாங்கிக்கொண்டிருந்த பிள்ளை. அவன்தான் தெரிந்தவர் மூலமாக ஒருவரை அழைத்து வந்தான். நெடுஞ்சாலையில் ஓட்டல் கட்டுகிறவர். தார்ப்பாயை விலக்கிப் பார்த்து, "வாவ்" என்றார். போனில் ஒரு படத்தைக் காட்டினார். வேறொரு பழைய கார். முன்பாதியை மட்டும் அறுத்துச் சுவரோடு பதித்து, பில் போடும் மேசையாக்கியிருந்தார்கள்.

அக்கா படத்தை நெடுநேரம் பார்த்தார்கள். "பின்பாதி?" என்று கேட்டார்கள்.

"அது எங்களுக்குத் தேவையில்ல, ஆன்ட்டி."

அவர் போன பிறகு ஜெபா மெதுவாக, "ம்மா, பாதியாவது மிஞ்சும்ல? நாலு பேர் பாப்பாங்க" என்றான்.

"தலைய வெட்டிச் செவுத்துல மாட்டி வைக்க அது என்னல, மானா? முழுசா இருந்தாத்தான் அது வண்டி" என்றார்கள் அக்கா. ஜெபா அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அம்மாவின் பேச்சை மீறி அவன் ஒரு திருகாணியைக்கூட விற்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

தெருவில் கேட்பாரற்று நிற்கும் வண்டிகளை மாநகராட்சி அகற்றிக்கொண்டிருந்தது. எங்கள் வண்டியின் மேலும் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஜெபா போய்ப் பேசி அவகாசம் வாங்கினான். இரண்டாம் முறையும் வாங்கினான். ஒருநாள் அக்கா டயாலிசிஸில் படுத்திருந்தபோது, கிரேன் வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது. வாட்ச்மேன் போன் செய்தார். நாங்கள் வருவதற்குள் மதிலோரம் நீளமாக ஒரு எண்ணெய்க் கறைதான் இருந்தது. தார்ப்பாயை யாரோ மடித்து வைத்திருந்தார்கள்.

அக்காவிடம் மறைக்கலாமா என்று நாங்கள் யோசிக்கவில்லை. மறைத்தாலும் ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள். ஜெபா சொன்னதும், "எங்க கொண்டு போனாங்க? என்னக் கூட்டிட்டுப் போ" என்றார்கள்.

ஊருக்கு வெளியே ஒரு பெரிய பொட்டல். ஆட்டோக்கள், வேன்கள், ஸ்கூட்டர்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அக்காவைத் தாங்கிப் பிடித்து நடத்திக்கொண்டு போனோம். இம்பாலாவை ஜன்னல்கள் வழியாகச் சங்கிலி மாட்டித் தூக்கியிருக்கிறார்கள். கூரை நடுவில் மடிந்துவிட்டது. முன் கண்ணாடி நொறுங்கிச் சீட்டெல்லாம் கற்கண்டு மாதிரி இறைந்து கிடந்தது. உள்ளே அரித்திருந்த அடிச்சட்டம் வளைந்து, வண்டி முதுகொடிந்த மாடு மாதிரி தரையில் படிந்திருந்தது. அங்கிருந்த காவலாளி அக்காவின் நிலையைப் பார்த்து, தன்னுடைய பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அக்கா வெயிலில் அதன் முன்னால் உட்கார்ந்தார்கள்.

"ம்மா, எடுத்துரலாம். நான் பேசுறேன், மிஸ்திரியக் கூப்பிடுறேன்" என்றான் ஜெபா.

"எடுத்து எங்கல வைப்ப?"

அவன் மடிந்த கூரையைத் தொட்டுப் பார்த்தான்.

"கூரை போச்சு. கண்ணாடி போச்சு, அது இனி எங்கயும் கெடையாது. சட்டம் எப்பவோ போச்சு, அது எனக்குத் தெரியும்" என்றார்கள் அக்கா. ஏதோ ஆய்வுக்கூடத்தில் முடிவு எழுதுகிற மாதிரிதான் சொன்னார்கள்.

காவலாளி அருகில் வந்து, "எந்த ஊர் வண்டிம்மா இது?" என்று இந்தியில் கேட்டார்.

"அமெரிக்கா."

"அங்க இதையெல்லாம் என்ன செய்வாங்க?"

"வச்சுக் காப்பாத்துவாங்க. அங்க இடம் இருக்கு, சாமான் கிடைக்கும். கெட்டுப் போனா வேற ஒண்ணு இருக்கும்."

அவர் இரக்கப்பட்டு, முன்னால் இருந்த பெயர்த் தகட்டைக் கழற்றித் தரட்டுமா, வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஸ்க்ரூடிரைவரும் எடுத்து வந்துவிட்டார். அக்கா வேண்டாம் என்று கையசைத்தார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, வண்டியின் கதவுக்கு அடியில், அந்தக் காலத்தில் பெயின்ட் ஒழுகியிருந்த இடத்தை விரலால் ஒருமுறை தடவினார்கள். "போவம்" என்றார்கள். காரில் வரும்போது அழவில்லை. வீட்டுக்கு வந்து கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

அதன் பிறகு அக்கா வண்டியின் பேச்சை எடுக்கவில்லை. டயாலிசிஸுக்கு ஒழுங்காகப் போனார்கள், மருந்துகளை ஒழுங்காகச் சாப்பிட்டார்கள். ஆனால் எதிலும் ஆவல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பார்கள். நான் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். சில நாட்கள் நாங்கள் இருவரும் மாலைவரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

கடைசியில் ரத்தத்தில் கிருமி ஏறி மருத்துவமனையில் சேர்த்தோம். ஒரு காலையில் ஜெபா வேலை முடிந்து சீருடையோடு நேராக வார்டுக்கு வந்தான். அக்கா அவன் சட்டைக் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். வெகுநாளைக்குப் பிறகு அவர்களாக ஒரு கேள்வி கேட்டார்கள்.

"ஒங்க வண்டிக்கு அடியில என்ன கோட்டிங் குடுக்காங்கல?"

அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. முழு உடம்பையும் தொட்டிக்குள் முக்கி எடுப்பதையும், மூலை முடுக்கெல்லாம் பெயின்ட் போய்ப் பிடிப்பதையும் கையை ஆட்டி ஆட்டி, பாதி இந்தியிலும் பாதித் தமிழிலும் விளக்கினான். அக்கா நடுவில் இரண்டு சந்தேகம் கேட்டார்கள். நல்ல கேள்விகள் என்று அவன் பிறகு என்னிடம் சொன்னான்.

"நல்லா இருக்கு. எத்தன வருஷம் தாங்கும்?"

"ஒரு பதினஞ்சு வருஷம்மா. அதுக்குத்தான் டிசைன் பண்றோம்."

"அப்புறம்?"

"அப்புறம் ஸ்கிராப்தான். பேட்டரி கிடைக்காது, சாஃப்ட்வேர் சப்போர்ட் இருக்காது. உடைச்சிருவாங்க."

"யாராவது ஒருத்தி, இல்ல எனக்கு வேணும், நான் வச்சுக்கிடுதேன்னு சொன்னா?"

ஜெபா பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "அப்படி யாரும் கேக்க மாட்டாங்கம்மா" என்றான்.

"கேக்க மாட்டாங்க" என்று அக்கா திருப்பிச் சொன்னார்கள். அவன் கையை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். அந்த வாரமே கர்த்தர் அவர்களை எடுத்துக்கொண்டார்.

இனி நன்றி சொல்ல வேண்டும். டயாலிசிஸ் பிரிவில் அக்காவைத் தங்கள் தாயைப் போலக் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கு நன்றி. ஆராதனைக்கு வர முடியாத நாட்களில் வீட்டுக்கு வந்து ஜெபித்த போதகருக்கும் சபையாருக்கும் நன்றி. அடக்கத்துக்குத் தன் கடையைச் சாத்திவிட்டு வந்து, மண் போட்டு முடியும்வரை நின்ற ஷிண்டே மிஸ்திரிக்கும், வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீரும் டீயும் ஏற்பாடு செய்த சொசைட்டி செக்ரட்டரிக்கும், நாங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்ட அந்தக் காவலாளிக்கும் நன்றி. என் அக்காவுக்கு நல்ல மகனாக இருந்த ஜெபாவுக்கும், மருமகளாக இல்லாமல் மகளாக இருந்த அவன் மனைவிக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

எல்லாம் ஒருநாள் புதிதாக்கப்படும் என்று போதகர் அடக்க ஆராதனையில் சொன்னார். அந்த ஆறுதலை நான் மறுக்கவில்லை. ஆனால் அக்கா எதையும் புதிதாக்கக் கேட்டவர்கள் அல்ல. இருந்தது இருந்தபடி இருக்க வேண்டும் என்றுதான் கேட்டார்கள். அது அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. வண்டி கடைசியில் என்ன ஆயிற்று என்று சிலர் விசாரிக்கிறீர்கள். மற்றப் பழைய இரும்போடு ஏலத்தில் போய்விட்டதாகத் தெரிகிறது. அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை.

ஒன்றும் நடக்காது என்று தெரிந்த பிறகும் அக்காவோடு வந்து நின்றவர்கள் நீங்கள். உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

– தங்கை